மன்னார்புரத்து வானம் சிவப்பு

(ட்ரோன் விதிகள் குறித்து மன்னார்புரத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கல்யாண வீடியோ எடுக்கும் தம்பிகள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். பொறியியல் மாணவர்கள் இருக்கிறீர்கள். பிள்ளை பிறந்தநாளுக்கு ட்ரோன் கேட்கிறான், வாங்கித் தரலாமா என்று தெரிந்துகொள்ள வந்த பெற்றோரும் இருக்கிறீர்கள். ஆளுக்கொரு கேள்வி இருக்கும். எல்லோருக்கும் பொதுவான ஒரு செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த மண்டபத்தை விட்டு வெளியே போய், மன்னார்புரம் நால்ரோட்டில் எந்த மூலையில் நின்று ட்ரோனை ஏற்றினாலும், ஆள் உயரத்துக்குத்தான் ஏற்றினேன் என்றாலும், அதற்கு மத்திய அரசின் அனுமதி வேண்டும். காவல் நிலையத்தில் சொல்லிவிட்டோம் என்பது போதாது. கவுன்சிலருக்குத் தெரியும் என்பது செல்லாது. நம் தலைக்கு மேலே இருப்பது சிவப்பு மண்டலம்.

ஏன் என்று கேட்டால் விமான நிலையம்தான் காரணம். 2021 செப்டம்பரில் மத்திய அரசு நாடு முழுவதற்குமான ட்ரோன் வான்வெளி வரைபடத்தை வெளியிட்டது. இயங்கும் விமான நிலையம் ஒவ்வொன்றையும் சுற்றி வளையங்கள் போட்டிருக்கிறார்கள். சுற்றுச்சுவரிலிருந்து 5 கிலோமீட்டர் வரை சிவப்பு. 5 முதல் 8 கிலோமீட்டர் வரை தரையிலிருந்தே மஞ்சள். அங்கே பறக்க விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதி வேண்டும். 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடி உயரம் மட்டும் பச்சை, அதற்கு மேல் மஞ்சள். அதையும் தாண்டிப் போனால், வேறு தடை இல்லாத இடத்தில், 400 அடி வரை பச்சை. பச்சையில் முன் அனுமதி தேவையில்லை.

இந்த அளவுகளைத் திருச்சி மேல் வைத்துப் பாருங்கள். மன்னார்புரத்திலிருந்து நேர்கோட்டில் அளந்தால் விமான நிலையச் சுவர் நாலு கிலோமீட்டர்கூட வராது. டி.வி.எஸ். டோல்கேட், சுப்பிரமணியபுரம், காஜாமலை, மத்தியப் பேருந்து நிலையம் எல்லாமே அந்தச் சிவப்பு வளையத்துக்குள் அடக்கம். தில்லைநகரும் மலைக்கோட்டையும் மஞ்சளில் விழுகின்றன. உச்சிப்பிள்ளையார் கோயிலை மேலிருந்து படம் பிடித்து யாரோ இணையத்தில் போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு நாமும் எடுக்கலாமே என்று தோன்றும். அந்தப் படத்தை எடுத்தவர் அனுமதி வாங்கினாரா என்பது படத்தில் தெரியாது.

ஸ்ரீரங்கம்தான் இதில் கவனிக்க வேண்டிய இடம். விமான நிலைய வளையத்தை மட்டும் கணக்கில் எடுத்தால் ரங்கநாதர் கோயில் 8க்கும் 12க்கும் நடுவில் வருகிறது. அங்கே பச்சை என்பது 200 அடி வரைதான். ராஜகோபுரம் எவ்வளவு உயரம்? 236 அடி. 1987இல் குடமுழுக்கு நடந்த அந்தக் கோபுரத்தின் கலசங்களை நேருக்கு நேர் படம் பிடிக்க ட்ரோனை ஏற்றும்போதே பச்சையின் கூரையைத் தாண்டி மஞ்சளுக்குள் போய்விடுகிறீர்கள். கோபுரத்தின் மேல் நிலைகள் எல்லை எங்கே முடிகிறது என்று கண்ணுக்கு எதிரே காட்டிக்கொண்டு நிற்கின்றன. இது விமான நிலையக் கணக்கு மட்டும். கோயில், அணை, சிறை, படைக்கலத் தொழிற்சாலை, ராணுவ இடம் என்று வேறு காரணங்களுக்காகவும் ஓர் இடம் சிவப்பாக இருக்கலாம். வரைபடமும் மாறக்கூடியது. அதனால்தான் ஒவ்வொரு முறை பறக்கவிடும் முன்னும் டிஜிட்டல் ஸ்கை தளத்தில் அந்த இடத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று விதியே சொல்கிறது. போன மாதம் பச்சையாக இருந்தது என்பது இன்றைக்கு உதவாது.

ராணுவ நிலம் என்றதும் இங்கே பல பேர் தலையாட்டுகிறீர்கள். ஜங்ஷன் மேம்பாலத்தின் சென்னைப் பக்கக் கை, ஒரு துண்டு ராணுவ நிலத்துக்காகப் பல ஆண்டுகள் பாதியில் தொங்கியதைப் பார்த்த ஊர் இது. தரையில் அந்த எல்லை எவ்வளவு கறாரானது என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. வானத்திலும் அது உண்டு.

'சின்னப் பொம்மை மாதிரி இருக்கிறது, இதற்கு இவ்வளவு கெடுபிடியா' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. அதற்கு விதியைக் காட்டிப் பதில் சொல்வதைவிட, நடந்ததைச் சொல்வது நல்லது.

2018 அக்டோபர் 12, அதிகாலை. 136 பேருடன் துபாய்க்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், நம் விமான நிலையத்தில் ஓடுபாதைக்கு அப்பால் இருந்த ஆன்டெனாக்களிலும் சுற்றுச்சுவரிலும் மோதிவிட்டு மேலேறியது. அடிப்பாகம் சேதமான நிலையிலேயே பறந்து, மும்பையில் பத்திரமாக இறங்கியது. சுவர் உயரத்தில் ஒரு பயணிகள் விமானம் போக நேரும் என்று அதற்கு முன் நம்மில் யாரும் நினைத்திருக்க மாட்டோம்.

2024 அக்டோபர் 11 எல்லோருக்கும் நினைவிருக்கும். மாலையில் ஷார்ஜாவுக்குக் கிளம்பிய விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. 141 பேர் உள்ளே. எரிபொருள் குறைய வேண்டும் என்பதற்காக இரண்டரை மணி நேரம் வட்டமடித்தது. இரவு எட்டேகால் மணிக்கு இறங்கிய பிறகுதான் ஊர் மூச்சுவிட்டது. அன்று மொட்டை மாடிக்கு ஏறிக் கைப்பேசியில் படம் எடுத்தவர்கள் எத்தனையோ பேர். ஆர்வம் இயல்பானது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர்களில் ஒருவர் கைப்பேசிக்குப் பதில் ட்ரோனை எடுத்திருந்தால்? ஏற்கெனவே ஒரு கோளாறோடு இறங்க முயலும் விமானிக்கு எதிரே இன்னொரு பொருளை நாம் ஏன் வைக்க வேண்டும்?

இதில் மிகைப்படுத்தல் இல்லை. 2025 ஜனவரி 9ஆம் தேதி அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே பாலிசேட்ஸ் காட்டுத்தீ எரிந்துகொண்டிருந்தது. கனடாவிலிருந்து வந்த தீயணைப்பு விமானம் ஒன்று கடலில் தண்ணீர் மொண்டு தீயில் ஊற்றிக்கொண்டிருந்தது. தீ எப்படி எரிகிறது என்று பார்க்க ஒருவர் வாகன நிறுத்தக் கட்டடத்தின் மேல்தளத்திலிருந்து ட்ரோனை அனுப்பினார். இரண்டரை கிலோமீட்டர் போனதும் அது அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. போய் விமானத்தின் இடது இறக்கையில் மோதியது. இறக்கையில் மூன்று அங்குலத்துக்கு ஆறு அங்குலம் அளவில் ஓட்டை விழுந்தது. விமானம் தரையிறக்கப்பட்டு, தீயணைப்பிலிருந்து விலக்கப்பட்டது. அந்த ட்ரோன் என்ன பெரிய எந்திரமா? கல்யாணப் பையில் அடங்கும் சின்ன மடக்கு ட்ரோன். எடை கால் கிலோவுக்கும் குறைவான ரகம். நம் விதிப்படி அது 'நானோ'.

லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் 2018 டிசம்பரில் ட்ரோன் தெரிந்ததாக வந்த தகவல்களாலேயே சுமார் ஆயிரம் விமானங்கள் பாதிக்கப்பட்டன. கிறிஸ்துமஸுக்கு ஊர் போகக் கிளம்பிய ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பேர் சிக்கிக்கொண்டார்கள். நம் திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் வளைகுடாவுக்கும் போகிறவர்கள் பெரும்பாலும் கூலிக்குப் போகிறவர்கள். வேலையில் சேர வேண்டிய தேதி தவறினால் அவர்களுக்கு என்ன ஆகும் என்று இங்கே விளக்க வேண்டியதில்லை. பல வீடுகளில் அப்படி ஒருவர் இருக்கிறார்.

இனி சட்டத்துக்கு வருவோம். 2014 அக்டோபரில் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம், அதாவது டிஜிசிஏ, பொதுமக்கள் ட்ரோன் பறக்கவிடுவதை ஒட்டுமொத்தமாகத் தடை செய்தது. 2018இல் விதிமுறைகள் வந்தன, டிசம்பர் 1 முதல் நடைமுறை. 2021 மார்ச்சில் இன்னொரு விதித்தொகுப்பு வந்தது, படிவங்கள் மட்டும் 25. அந்த ஆண்டு ஜூன் 27ஆம் தேதி ஜம்மு விமானப்படைத் தளத்தின் மேல் ட்ரோன் மூலம் வெடிகுண்டு போடப்பட்டது. அதற்குப் பிறகு சட்டம் இறுகும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். நடந்தது வேறு. ஆகஸ்ட் 25ஆம் தேதி வந்த ட்ரோன் விதிகள் 2021, படிவங்களை ஐந்தாகக் குறைத்தது. 72 வகைக் கட்டணங்கள் நான்காகின. பயந்து பூட்டுவதைவிட, யாரிடம் என்ன இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்வதே பாதுகாப்பு என்ற முடிவு அது. சரியான முடிவு என்பதே என் கருத்து. இலங்கையில் 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நான்கே நாளில் ட்ரோன்களுக்குத் தடை வந்தது. அந்தச் சூழலில் அது புரிந்துகொள்ளக்கூடியது. ஆனால் ஒரு நாடு எப்போதும் தடையில் வாழ முடியாது.

விதிகள் ட்ரோனை எடையால் பிரிக்கின்றன. சுமையோடு சேர்த்து 250 கிராம் வரை நானோ. அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. 25 கிலோ வரை சிறியது, 150 கிலோ வரை நடுத்தரம், அதற்கு மேல் பெரியது. இந்த அரங்கில் இருப்பவர்களுக்கு முதல் மூன்றுதான் விஷயம்.

காகிதங்களும் மூன்று. பைக்கை நினைத்துக்கொண்டால் குழப்பம் வராது. ஒரு மாடல் சாலைக்கு வரத் தகுதியானதுதானா என்று கம்பெனி வாங்குகிற ஒப்புதல் ஒன்று, உங்கள் வண்டிக்கான ஆர்.சி. ஒன்று, ஓட்டுகிறவருக்கான லைசென்ஸ் ஒன்று. ட்ரோனில் முதலாவது வகைச் சான்றிதழ். மாடலுக்கு ஒன்று, தயாரிப்பவரோ விற்பவரோ வாங்கியிருக்க வேண்டும். இரண்டாவது தனி அடையாள எண், ஒவ்வொரு ட்ரோனுக்கும் ஒன்று. மூன்றாவது ரிமோட் பைலட் சான்றிதழ், பறக்கவிடுகிறவருக்கு.

அடையாள எண்ணுக்குக் கட்டணம் 100 ரூபாய். நூறே ரூபாய்தான். அந்த எண் ட்ரோனின் வெளிக்கூட்டோடு மட்டும் கட்டப்பட்டதல்ல என்பதைப் பழுது பார்க்கும் கடைக்காரர்கள் கவனிக்க வேண்டும். உள்ளே இருக்கும் பறப்புக் கட்டுப்பாட்டுப் பலகையின் வரிசை எண்ணும், கையில் பிடிக்கும் ரிமோட்டின் வரிசை எண்ணும் அதோடு பிணைக்கப்பட்டிருக்கின்றன. பலகை எரிந்துபோய்ப் புதிது போட்டால், ஏழு நாளுக்குள் தளத்தில் திருத்த வேண்டும். இறக்கையும் மோட்டாரும் மாற்றினால் இந்த வேலை இல்லை. விற்றால் பெயர் மாற்ற வேண்டும். பழைய ட்ரோனைக் கை மாற்றிவிட்டு அந்த எண்ணை உங்கள் பெயரிலேயே விட்டுவைக்காதீர்கள். நாளைக்கு அது எங்கே போய் விழுந்தாலும் தேடி வருவது உங்களைத்தான்.

பைலட் சான்றிதழ் நானோவுக்கு வேண்டாம். மைக்ரோவுக்கு, பணம் வாங்காமல் பறக்கவிட்டால் வேண்டாம். கல்யாணத்துக்கு வாடகைக்குப் போனால் அது தொழில், கட்டாயம் வேண்டும். வயது 18 முதல் 65க்குள், பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் சில நாள் பயிற்சி, தேர்வு. பத்தாண்டு செல்லும். முன்பு பாஸ்போர்ட் கேட்டார்கள். கிராமத்து இளைஞர்கள் பலருக்கு அது பெரிய தடையாக இருந்தது. 2023 செப்டம்பரில் திருத்தி, வாக்காளர் அட்டை, ரேஷன் அட்டை, ஓட்டுநர் உரிமம் இருந்தாலே போதும் என்று ஆக்கினார்கள். நல்ல திருத்தம். சான்றிதழ் கட்டணமும் 100 ரூபாய்தான், ஆனால் பயிற்சிக் கட்டணம் பல ஆயிரம். நூறு ரூபாயை மட்டும் விளம்பரப்படுத்துகிறவர்கள் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நானோ தவிர மற்றவற்றுக்கு மூன்றாம் நபர் காப்பீடு வேண்டும். விதியை மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். காவல்துறை மற்ற சட்டப் பிரிவுகளிலும் வழக்குப் போட முடியும். 2025 செப்டம்பரில் புதிய ட்ரோன் மசோதாவின் வரைவைப் பொதுக் கருத்துக்கு வைத்தார்கள். அதில் சிறைத் தண்டனையும் இருக்கிறது. இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது, கேமரா தொழிலில் இருக்கும் தம்பிகள் மனதில் இருக்கும் கேள்விக்கு வருகிறேன். 'அண்ணே, பதிவு பண்ணத் தயார். நூறு ரூபாய் கட்டவும் தயார். பண்ண விட மாட்டேங்குதே!' இதைப் பல பேர் என்னிடம் சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொல்வது உண்மை.

முடிச்சு இங்கேதான் இருக்கிறது. 2022 பிப்ரவரி 9ஆம் தேதி வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் ட்ரோன் இறக்குமதியைத் தடை செய்தது. முழுதாகவும் கொண்டுவரக் கூடாது, பாகங்களாகப் பிரித்துக் கொண்டுவந்து இங்கே பூட்டவும் கூடாது. ஆராய்ச்சிக்கும் பாதுகாப்புத் துறைக்கும் அனுமதியோடு விலக்கு உண்டு. உதிரிப் பாகங்களுக்குத் தடை இல்லை. உள்நாட்டில் தயாரிக்க வேண்டும் என்பது நோக்கம். நோக்கத்தில் தவறில்லை. வயலுக்கு மருந்தடிக்கும் ட்ரோனிலும் நில அளவை ட்ரோனிலும் அது பலன் கொடுத்தது. சென்னையிலேயே அவற்றைத் தயாரிக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. வகைச் சான்று பெற்ற மாடல்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு வேலைக்கானவை. கல்யாண வீட்டுக்காரர் கேட்கிற படத் தரத்தில், கேமராக்காரர் வாங்கக்கூடிய விலையில், சான்று பெற்ற இந்திய ட்ரோனைக் கடையில் கேட்டுப் பாருங்கள். தேட வேண்டியிருக்கும். சந்தையில் கிடைப்பது சீனத்து ட்ரோன். அது எப்படி வந்தது? பில் இல்லாமல் வந்தது. வகைச் சான்று இல்லாததால் எண் கிடைக்காது. எண் இல்லாததால் காப்பீடு கிடைக்காது. ஒரு நாள் கைதவறிப் பந்தலில் விழுந்து யாருக்காவது கண் போனால், கேமராக்காரரின் வாழ்க்கையே அதோடு முடிந்தது.

வெளிநாட்டில் இருக்கும் அண்ணனிடம் சொல்லிக் கொண்டுவரச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சிங்கப்பூரில் கால் கிலோவுக்கு மேல் எடையுள்ள ட்ரோனுக்குப் பதிவு கட்டாயம், அங்கே ஒழுங்காகப் பதிந்து பறக்கவிடலாம். அதே பெட்டியோடு திருச்சியில் இறங்கினால் அது தடை செய்யப்பட்ட பொருள். நானோ என்றாலும் இறக்குமதித் தடை விடாது. விமான நிலையச் சுங்கத்தில் ட்ரோன் பறிமுதல் என்ற செய்தியை நாளிதழில் எத்தனை தடவை பார்த்திருக்கிறோம்! இரண்டு வருடச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துத் தம்பிக்கு வாங்கி வந்த பொருளை மேசையில் விட்டுவிட்டு வெளியே வருகிற அந்த மனிதருக்குத் தடை பற்றி யாரும் தமிழில் சொல்லியிருக்க மாட்டார்கள்.

என் கருத்தைத் திறந்து சொல்கிறேன். தடைக்கு முன்பே நாட்டுக்குள் இருந்த ட்ரோன்களைப் பதிவுக்குக் கொண்டுவர அரசு ஒரு வாசல் திறந்தது, பிறகு மூடிவிட்டது. அந்த வாசலை இன்னொரு முறை திறக்க வேண்டும். கையில் இருக்கும் ட்ரோனைக் காட்டி, யாருடையது என்று எழுதிக்கொடுத்து, எண் வாங்கிக்கொள்ளட்டும். எண் இல்லாமல் பறக்கும் ஆயிரம் ட்ரோன்களைவிட எண்ணோடு பறக்கும் ஆயிரம் ட்ரோன்கள்தான் விமான நிலையத்துக்கும் பாதுகாப்பு, காவல்துறைக்கும் வசதி. கூடவே, கேமரா ட்ரோன் செய்யும் உள்நாட்டுக் கம்பெனிகளுக்குச் சான்று வாங்கும் செலவும் அலைச்சலும் குறைய வேண்டும். 2025 செப்டம்பரில் ட்ரோன் மீதான ஜிஎஸ்டி 5 சதவீதமாகக் குறைந்தது உதவும். ஆனால் சான்று இல்லாத பொருளுக்கு வரி குறைந்து என்ன பயன்?

வாசல் திறக்கும் வரை அந்தத் தம்பிகள் என்ன செய்வது? மன்னார்புரம் மண்டபத்துக் கல்யாணத்தில் ட்ரோன் ஷாட் தருகிறேன் என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். எண் இருந்தாலும் பைலட் சான்று இருந்தாலும்கூட மத்திய அரசின் அனுமதி இல்லாமல் இங்கே முடியாது, இடம் சிவப்பு. வாடிக்கையாளர் கேட்டால் வரைபடத்தை எடுத்துக் காட்டுங்கள். பக்கத்து ஸ்டூடியோக்காரர் தருகிறாரே என்பார்கள். அவர் தருவது உங்கள் தலையில் விழக்கூடிய வழக்கு இல்லை, அவர் தலையில் விழப்போகிற வழக்கு.

லால்குடிப் பக்கம் ஒருமுறை போய்ப் பாருங்கள். அங்கே இதே விதிகள் வேறு முகம் காட்டுகின்றன. விமான நிலைய வளையத்துக்கு வெளியே, பச்சை மண்டலத்தில், நெல் வயல் வரப்பில் மருந்து ட்ரோனை இறக்கி வைத்திருப்பார்கள். ஆறு கை விரித்துச் சின்னக் கட்டில் அளவுக்கு இருக்கும். நடுவில் பத்து லிட்டர் தொட்டி. மருந்து நிரப்பி, பேட்டரி மாட்டினால் எடை 25 கிலோவுக்குக் கொஞ்சம் கீழே நிற்கும். சிறிய வகைக்குள் அடங்க வேண்டும் என்றே அப்படிச் செய்கிறார்கள். ஏக்கருக்கு ஏழெட்டு நிமிடம். கைத்தெளிப்பானை முதுகில் கட்டிக்கொண்டு சேற்றில் நடந்து, மருந்துப் புகையை மூக்கில் வாங்கியவர்களுக்கு அந்த ஏழெட்டு நிமிடத்தின் அருமை தெரியும். பேட்டரி சூடு ஆறியதா என்று தொட்டுப் பார்த்துத்தான் அடுத்ததை மாட்டுகிறார்கள். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, அது வீசி வரும் பக்கமாக நின்றுகொள்கிறார்கள். மருந்து தெளிப்புக்கென்றே 2021 டிசம்பரில் வேளாண் அமைச்சகம் தனி நடைமுறை வெளியிட்டிருக்கிறது.

மகளிர் குழுக்களுக்கு ட்ரோன் தரும் 'நமோ ட்ரோன் தீதி' திட்டத்தில் நாடு முழுவதும் 15,000 குழுக்கள் இலக்கு. விலையில் 80 சதவீதம், 8 லட்சம் ரூபாய் வரை மானியம். பயிற்சியும் அதற்குள் அடக்கம். சான்றுள்ள எந்திரம், எண், பயிற்சி பெற்ற பெண், பச்சை வானம் என்று எல்லாம் ஒன்றாகக் கூடியிருக்கிறது. விதி வேலை செய்தால் இப்படித்தான் இருக்கும். ஆனால் அதே விவசாயம், விமான நிலையத்தை ஒட்டிய குண்டூர்ப் பக்கம் என்றால் வரைபடம் சிவப்பு. அங்கே வயல் வைத்திருப்பவர் வாடகை ட்ரோனுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் வரைபடத்தைப் பார்க்கட்டும்.

மாணவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்கள் ஆராய்ச்சிக்காகப் பறக்கவிட்டால், பச்சை மண்டலத்தில், தங்கள் வளாகத்துக்குள் அல்லது தங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும் திறந்தவெளியில், வகைச் சான்றும் வேண்டாம், எண்ணும் வேண்டாம், பைலட் சான்றும் வேண்டாம். சென்னை எம்.ஐ.டி.யின் தக்‌ஷா அணி 2018இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த மருத்துவ ட்ரோன் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்தது. அவர்கள் அந்த இடத்துக்கு வர எத்தனை தடவை பறக்கவிட்டு, உடைத்து, மறுபடி பூட்டியிருக்க வேண்டும்! உடைக்க இடம் இருந்ததால்தான் அது முடிந்தது. காஜாமலை, மன்னார்புரம் சுற்று வட்டாரக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு அந்த இடம் இல்லை, வளாகமே சிவப்பில் இருக்கிறது. துவாக்குடிப் பக்கம் போனால் விமான நிலைய வளையம் தளரும், ஆனால் அந்தப் பக்கம் படைக்கலத் தொழிற்சாலை இருக்கிறது. பிள்ளை எங்கே போவான்? இருட்டிய பிறகு மொட்டை மாடிக்குத்தான் போவான்.

மொட்டை மாடி என்றதும் பெண்கள் பக்கத்திலிருந்து எழுதிக் கொடுத்திருக்கும் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 'எங்கள் மாடிக்கு மேலே வந்து நின்று படம் பிடிக்கிறது, என்ன செய்வது?' 2020 ஊரடங்கில் திருப்பூர்க் காவல்துறை ட்ரோனைக் கண்டதும் கேரம் ஆடிய பையன்கள் போர்டைத் தூக்கித் தலையை மறைத்துக்கொண்டு ஓடிய காட்சியை நாடே பார்த்துச் சிரித்தது. எனக்கு அது சிரிப்பாக இல்லை. மேலிருந்து ஒரு கண் பார்க்கிறது என்றால் மனிதர் முகத்தை மூடத்தான் செய்வார். தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24இல் சொல்லிவிட்டது. பெண்ணை அந்தரங்க நிலையில் ஒளிந்து படம் எடுப்பது பாரதிய நியாய சன்ஹிதா 77ஆம் பிரிவின்படி குற்றம். கல்லெறிந்து வீழ்த்தப் பார்க்காதீர்கள், கீழே யார் தலையில் விழும் என்று தெரியாது. நேரத்தைக் குறித்துக்கொண்டு, கைப்பேசியில் படம் எடுத்து, 100க்கு அழையுங்கள். மன்னார்புரத்தில் ட்ரோன் பறந்தாலே விதிமீறல்தான், அனுமதி பெற்றவர் தவிர. படம் எடுத்தானா இல்லையா என்று நிரூபிக்கும் சுமை உங்களுக்கு இல்லை. அது அங்கே இருந்ததே போதும்.

காவல்துறைக்கும் இந்த விதிகளில் இடம் உண்டு. எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரி, அவசரத் தேவைக்கு, 96 மணி நேரம் வரை ஓர் இடத்தைத் தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்கலாம். 2024 ஜனவரி 2இல் பிரதமர் புதிய முனையத்தைத் திறக்க வந்தார், 20ஆம் தேதி ஸ்ரீரங்கம் கோயிலுக்கு வந்தார். அத்தகைய நாட்களில் பச்சையும் பச்சை இல்லை. பறக்கவிட்டது விழுந்து விபத்தானால், 48 மணி நேரத்துக்குள் தளம் வழியாக டிஜிசிஏவுக்குத் தெரிவிக்க வேண்டியது பறக்கவிட்டவர் கடமை. ஒளித்தால் இரண்டாவது குற்றமும் சேரும்.

கடைசியாக, நாம் கேட்க வேண்டியது. மாவட்ட ஆட்சியருக்கு ஒரு மனு தயாராகியிருக்கிறது. விமான நிலைய வளையத்துக்கு வெளியே, சமயபுரத்துக்கு அப்பாலோ லால்குடிப் பக்கமோ, பச்சை மண்டலத்தில் ஒரு புறம்போக்குத் திடலை மாணவர்களும் பயிற்சி எடுப்பவர்களும் பறக்கவிடுவதற்கென ஒதுக்க வேண்டும். திருச்சியின் வளையங்களைத் தமிழில் தெரு, ஊர்ப் பெயரோடு குறித்த வரைபடம் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் விமான நிலைய வருகைப் பகுதியிலும் இருக்க வேண்டும். பழைய ட்ரோன்களுக்குப் பதிவு வாசலை மறுபடி திறக்கச் சொல்லி மத்திய அரசுக்கு ஆட்சியர் வழியாகப் பரிந்துரை போக வேண்டும். மூன்றே கோரிக்கைதான். மனு வெளியே மேசையில் இருக்கிறது. வருகிற திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுக்கப் போகிறோம். கையெழுத்துப் போடுங்கள். கேமரா தொழிலில் இருப்பவர்களுக்குப் பக்கத்தில் இன்னொரு தாள் இருக்கிறது. அதில் உங்கள் பெயர் வேண்டாம், வைத்திருக்கும் ட்ரோனின் மாடலும் வாங்கிய ஆண்டும் மட்டும் எழுதுங்கள். இந்த ஊரில் எத்தனை ட்ரோன்கள் எண் கிடைக்காமல் நிற்கின்றன என்று மனுவோடு சேர்த்துக் காட்ட அது வேண்டும்.